எங்கள் வீட்டுக்கு வந்த கிளிக்குஞ்சு



போராலும் இடப்பெயர்வாலும் நாங்கள் இழந்தவற்றைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். இம்முறை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். அது ஒரு கிளிக்குஞ்சு. கிளிக்குஞ்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். அதை எப்படி வரவேற்பது, என்ன பெயர் வைப்பது, ஆணா பெண்ணா என்று எப்படி அறிவது என்ற மூன்று கேள்விகளும் எங்கள் வீட்டில் பல நாட்கள் பேசப்பட்டன. அந்தப் பேச்சோடு பேச்சாக, பதினான்கு வருடங்களாக நாங்கள் வாய்விட்டுப் பேசாத ஒரு விடயமும் வெளியே வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மொட்டைப் பனையில் பிறந்தது

வடமராட்சியில் வாழ்ந்தவர்களுக்கு மொட்டைப் பனையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பனைக்குக் குருத்து ஒன்றுதான். வேம்பை வெட்டினால் பக்கத்தால் துளிர்க்கும். பனையின் தலை போனால் அது அத்தோடு சரி. 1987ஆம் ஆண்டு வடமராட்சி இராணுவ நடவடிக்கையிலும் அதன் பின்னர் வந்த சண்டைகளிலும் ஷெல் விழுந்து தலையிழந்த பனைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பட்ட பனை உடனே விழுந்துவிடுவதில்லை. பல வருடங்கள் நிற்கும். உள்ளே இருக்கும் சோறு உக்கிப் பொந்தாகும். குச்சி பொறுக்கிக் கூடு கட்டத் தெரியாத பச்சைக்கிளிக்கு அந்தப் பொந்துதான் வீடு. மைனாவும் ஆந்தையும் அங்கே குடியிருக்கும்.

2021ஆம் ஆண்டு மாசி மாத முடிவில், வல்வெட்டித்துறையில் இருந்து பொலிகண்டிக்குப் போகும் பக்கமாக உள்ள ஒரு காணியில், அப்படி நின்ற மொட்டைப் பனை ஒன்று காற்றுக்குச் சரிந்தது. அது எந்த வருடம் தலையிழந்தது என்று யாருக்கும் நினைவில்லை. பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. இரண்டு விழுந்த வேகத்தில் செத்துப்போயின. மூன்றாவதை, காணியைப் பார்த்துக்கொள்பவர் சாரத்தின் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

“அக்கா, இது கிடந்து துடிக்குது. உங்களிட்டைத்தான் கோழிக்குஞ்சுப் பெட்டி இருக்கெண்டு கொண்டு வந்தனான்” என்றார்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா, அக்கா, அக்காவின் மகள், நான். அத்தான் கட்டாரில் வேலை செய்கிறார். அண்ணா ஒருவர் இருக்கிறார். “இருக்கிறார்” என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். 2007ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் சைக்கிளில் சந்திக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

முதலில் சூடு, பிறகு தீன்

வீட்டுக்குப் புதிதாக வந்தவரை ஆலாத்தி எடுத்து உள்ளே கூப்பிடுவது எங்கள் வழக்கம். குஞ்சுக்கும் நாவூறு கழிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மாமி செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு வந்தார். மிளகாய்ப் புகை பறவைக்கு ஆகாது என்று நான் சொன்னதும், அம்மா தண்ணீரை மட்டும் சுற்றி வாசலில் ஊற்றினார். அவ்வளவுதான் வரவேற்பு.

உண்மையான வரவேற்பு அதற்குப் பிறகுதான். கண் திறந்து, உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகு கிளம்பத் தொடங்கிய குஞ்சு அது. மூன்று வாரம் இருக்கலாம். அந்த வயதில் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. கோழிக்குஞ்சுப் பெட்டியில் பழைய பருத்திச் சேலையை விரித்து, ஒரு பக்கத்தில் மின்குமிழைத் தொங்கவிட்டோம். மறுபக்கத்தைக் குளிராக விட்டோம். சூடு கூடினால் அது தானாக நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அல்லவா?

அடுத்த நாள் காலை வனசீவராசிகள் அலுவலர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். கால்நடை வைத்தியரிடமும் குஞ்சைக் கொண்டுபோய்க் காட்டினோம். பறக்கும் வரைக்கும் பராமரித்து, பறக்கத் தொடங்கியதும் அதன் போக்கில் விட்டுவிடுவது என்பது அப்போதே எடுத்த முடிவு.

தீன் கொடுப்பதில் அம்மாவுக்கும் மாமிக்கும் ஒரு சிறு வாக்குவாதம் வந்தது. பாலில் பாண் தோய்த்துக் கொடுக்கலாம் என்றார் மாமி. பாலூட்டும் விலங்குகளின் குட்டிகளுக்குத்தான் பால். பறவையின் வயிறு பாலைச் செரிக்காது. பயற்றம் மாவைத் தண்ணீரில் காய்ச்சி, அவித்த முட்டையின் மஞ்சட்கரு சிறிது மசித்துச் சேர்த்து, கஞ்சிப் பதத்தில் சிறு கரண்டியால் ஊட்டினோம். கைக்குழந்தையின் பாலைப் பார்ப்பதுபோல மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகுதான் ஊட்டுவோம். சுமார் 40 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதற்கு மேல் போனால் தொண்டைக்குக் கீழே உள்ள தீன்பை வெந்துவிடும். ஆறிப்போனால் தீன் இறங்காமல் அங்கேயே புளித்துவிடும். தீன்பை நிறைந்ததும் நிறுத்த வேண்டும். அது வற்றிய பிறகே அடுத்த வேளை. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று அம்மா கணக்கு வைத்திருந்தார். இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலையிலும் எழும்பினார். பல வருடங்களாக நித்திரை இல்லாமல் கிடந்தவர் அவர். இப்போதும் எழும்பினார்தான். ஆனால் எழும்புவதற்கு ஒரு வேலை இருந்தது.

எனது தொழிலில் நான் சந்திக்கும் பல தாய்மார் சொல்லும் வார்த்தை, “விடிஞ்சால் எழும்பி என்ன செய்யிறது?” என்பதுதான். துயரத்துக்கு மருந்து கிளிக்குஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. எங்களை நம்பி வாயைத் திறக்கும் ஓர் உயிர், நாளை நான்கு மணித்தியாலத் துண்டுகளாகப் பிரித்துத் தருகிறது. அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடக்கலாம் என்பதை அம்மாவிடம் கண்டேன்.

பெயர் வைத்த கதை

ஒரு வாரம் போனதும் குஞ்சு பிழைத்துக்கொண்டது தெரிந்தது. ஒன்பது வயதான அக்காவின் மகள் பெயர் வைக்க வேண்டும் என்று நின்றாள். தமிழில் கிளிக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. கிள்ளை, தத்தை, அஞ்சுகம், சுகம் என்று எல்லாமே கிளிதான். எங்கள் ஊர்களில் கிளியம்மா, கிளியக்கா என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மார்கழியில் விரதமிருந்து நாங்கள் படிக்கும் பிள்ளையார் கதையைப் பாடிய சுன்னாகம் வரதபண்டிதர் ஒரு கிள்ளைவிடு தூதும் பாடியிருக்கிறார். செய்தி கொண்டுபோகக் கிளியை அனுப்புவது எங்கள் இலக்கியத்தில் பழைய வழக்கம். அக்கா “அஞ்சுகம்” என்றார். நான் “தத்தை” என்றேன்.

பிள்ளை இரண்டையும் ஏற்கவில்லை. “மாமாவின்ர பேரை வைப்பம். அவர்தான் வீட்டில இல்லையே” என்றாள்.

அவள் அண்ணாவைக் கண்டதே இல்லை. சுவரில் உள்ள படம்தான் அவளுக்கு மாமா. கள்ளமில்லாமல்தான் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமியும் ஆறுதலாக ஒன்றைச் சொன்னார். அருணகிரிநாதர் தன் உடம்பை விட்டுக் கிளியின் உடம்பில் புகுந்து பாரிசாத மலர் கொண்டுவரப் போனார், திரும்பி வரும்போது அவருடைய உடம்பை எரித்துவிட்டார்கள், அதனால் கிளியாகவே நின்றுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. திருவண்ணாமலையில் கிளிக் கோபுரம் என்று ஒரு கோபுரமே இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு மாமி, “ஆர் கண்டது, உங்கட பிள்ளைதான் கிளியா வந்திருக்கோ தெரியாது” என்றார்.

அம்மா கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். “என்ர பிள்ளை சாகேல்லை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் வரைக்கும் யாரோடும் கதைக்கவில்லை.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கங்களில் மோசம் போனவரின் பெயரைத்தான் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதில் இருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். அண்ணாவின் பெயரை இன்னோர் உயிருக்கு வைத்தால், அந்தப் பெயர் இனி அவருக்குத் தேவையில்லை என்று நாங்களே எழுதிக் கொடுப்பதுபோல அம்மாவுக்குப் பட்டது. மரணச் சான்றிதழ் எடுத்தால் சில காரியங்கள் இலகுவாகும் என்று பலர் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமல், காணப்படவில்லை என்று மட்டும் பதிந்து சான்றிதழ் பெறலாம் என்ற வழி வந்த பிறகுதான், அதைப் பற்றிக் கேட்கவே சம்மதித்தார்.

அமெரிக்காவைச் சேர்ந்த போலின் பொஸ் என்ற அறிஞர் இத்தகைய நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். 1999ஆம் ஆண்டு அதே பெயரில் அவருடைய நூல் ஒன்றும் வெளிவந்தது. உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. அத்தகைய குடும்பங்களை “முடிந்தது என்று ஏற்றுக்கொள்” என வற்புறுத்தக் கூடாது என்பதும், “ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்” என்ற இரண்டு எண்ணங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டே வாழக் கற்கலாம் என்பதும் அவர் சொல்வது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். தொழிலில் பிறருக்கு இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசக் கிளிக்குஞ்சு வர வேண்டியிருந்தது. அன்றிரவுதான் பிள்ளைக்கு அவளுடைய மாமா எப்படிப்பட்டவர், எப்படிச் சிரிப்பார், தைப்பொங்கலுக்கு எவ்வளவு பெரிய பட்டம் கட்டுவார் என்றெல்லாம் அக்கா முதன்முதலாகச் சொன்னார். அம்மா குந்தில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை, “அது எட்டுமூலைப் பட்டம்” என்று திருத்தினார்.

மறுநாள் காலை அம்மாவே பெயரைச் சொன்னார். “ஆணோ பெண்ணோ தெரியாது. செல்வன் எண்டும் வேண்டாம், செல்வி எண்டும் வேண்டாம். செல்வம் எண்டு இருக்கட்டும். சந்நிதியானையும் கூப்பிட்டதாப் போகும்.”

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி எங்களுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி கலைத்த வள்ளியின் கணவன் அங்கே இருக்கிறான். எல்லோருக்கும் பெயர் பிடித்துப் போனது. அண்ணாவின் வீட்டுப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை அம்மா அவருக்காக வைத்திருக்கிறார்.

ஆணோ பெண்ணோ?

பெயர் வைத்தாலும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதற்கேள்வி இதுதான். ஒருவர் நூலில் மோதிரத்தைக் கட்டிக் குஞ்சுக்கு மேலே பிடித்தார். வட்டமாகச் சுற்றினால் பெண்ணாம், நேராக ஆடினால் ஆணாம். இன்னொருவர் தலை தட்டையாக இருப்பதால் ஆண் என்றார். வேறொருவர், கடிப்பதால் பெண் என்றார்! “ஆண் கிளிதான் கதைக்கும், பெண்ணெண்டா வளர்த்துப் பிரயோசனம் இல்லை” என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பிள்ளைப்பேற்று விடுதிகளின் வாசல்கள் நினைவுக்கு வந்தன.

உண்மை என்னவென்றால், பச்சைக்கிளிக் குஞ்சைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சாதாரணமாகக் காணும் கிளியைத் தமிழில் செந்தார்ப் பைங்கிளி என்பார்கள். தார் என்றால் மாலை. வளர்ந்த ஆணின் கழுத்தில்தான் கறுப்பும் இளஞ்சிவப்புமாக அந்த மாலை விழும். பெண்ணுக்கு அது இல்லை. உற்றுப் பார்த்தால் மங்கலான பச்சை நிழல்போல ஒன்று தெரியலாம். ஆணுக்கும் அது உடனே வருவதில்லை. ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் அரும்பத் தொடங்கும். முழுதாக விழ மூன்று வயதும் ஆகலாம். அதுவரைக்கும் ஆண் குஞ்சும் பெண்ணைப் போலத்தான் இருக்கும். தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி வேறு இனம். அதிலும் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே மாலை உண்டு. கதைப்பதைப் பொறுத்தவரை இரண்டும் கதைக்கும். கேட்டுப் பழகுவதையும் எங்கள் பொறுமையையும் பொறுத்தது அது.

எல்லா இனக் கிளியிலும் இப்படியில்லை. கூட்டில் வளர்க்கும் சின்னஞ்சிறு காதற்பறவைகள் என்று எங்கள் பிள்ளைகள் சொல்லும் பஜ்ரிகரில், மூக்கின் மேல் உள்ள சதை வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குக் கபில நிறமாகவும் இருக்கும். நியூகினித் தீவில் உள்ள எக்லெக்டஸ் என்ற கிளியில் ஆண் பச்சை, பெண் செக்கச் சிவப்பு. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அவற்றை வெவ்வேறு இனங்கள் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். கணவனையும் மனைவியையும் இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

இன்று ஓர் இறகையோ ஒரு துளி இரத்தத்தையோ ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் மரபணுச் சோதனையில் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். செலவு செய்து அறிய வேண்டிய அவசரம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையின் அடிப்படையில் ஒரு விடயத்தை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்திருக்க வேண்டும். மனிதரில் தாயிடம் இருந்து எப்போதும் எக்ஸ் என்ற நிறமூர்த்தமே பிள்ளைக்குப் போகிறது. தகப்பனிடம் இருந்து எக்ஸ் வந்தால் பெண், வை வந்தால் ஆண். அதாவது பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடம் இருந்து வருவதைப் பொறுத்தது. பறவைகளில் இது மறுதலை. அங்கே தாயிடம் இருந்து வருவதே தீர்மானிக்கிறது. “மூண்டும் பெட்டையாப் பெத்துப் போட்டாள்” என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். அந்தக் குற்றச்சாட்டு கிளிக்குப் பொருந்தும், மருமகளுக்குப் பொருந்தாது. கிளிக்கூட்டத்தில்கூட யாரும் அப்படிக் குறை சொல்வதில்லை. அங்கே பெரும்பாலான காலத்தில் பெண்ணின் கைதான் ஓங்கியிருக்கும். ஆண் தீன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சேர்த்துக்கொள்ளும்.

ஓர் இறகு சொன்ன செய்தி

ஆணா பெண்ணா என்ற கேள்வி ஓர் இனத்தின் உயிருக்கே கேள்வியாக இருந்த சம்பவமும் உண்டு. பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில் ஸ்பிக்ஸ் மக்கோ என்ற நீலக்கிளி இனம் இருந்தது. காடழிப்பாலும், கூடுகளில் இருந்து குஞ்சுகளைத் திருடி விற்றதாலும் அது அருகிப்போய், 1990ஆம் ஆண்டு குராசா என்ற இடத்தில் ஒரேயொரு பறவை மட்டும் காணப்பட்டது. தன் இனத்தில் துணை இல்லாததால் அது வேறோர் இனக் கிளியோடு சேர்ந்து திரிந்தது. அதற்குத் துணை கொண்டுவந்து விட வேண்டுமென்றால் முதலில் அது ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். பிடித்தால் அது மிரண்டுவிடும். அது உதிர்த்த இறகுகளைப் பொறுக்கிச் சோதித்து ஆண் என்று அறிந்தார்கள். 1995ஆம் ஆண்டு, கூட்டில் வாழ்ந்த ஒரு பெண் பறவையை அங்கே விட்டார்கள். சில வாரங்களில் அது காணாமற்போனது. அந்த ஆணும் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு காணப்படவில்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கூடுகளில் எஞ்சியிருந்தவற்றைப் பெருக்கி, 2022ஆம் ஆண்டு எட்டுப் பறவைகளை அதே குராசா மண்ணில் மீண்டும் பறக்கவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொன்னபோது அவள் செல்வம் உதிர்த்த இறகுகளைப் புத்தகத்துக்குள் சேர்த்து வைக்கத் தொடங்கினாள்.

படலைச் சத்தம்

சித்திரைக்குப் பிறகு செல்வம் பறக்கத் தொடங்கியது. பூனைக்குப் பயந்து இரவில் மட்டும் கூட்டில் விடுவோம். பகலில் கூடு திறந்தே இருக்கும். வைகாசியில் கொரோனாப் பயணத்தடை வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், வெளியே போய்வந்த ஒரே ஆள் செல்வம்தான். முருங்கை வரைக்கும் போகும், வேம்பு வரைக்கும் போகும், பொழுதுபடத் திரும்பி வரும்.

ஆவணியில் மறுபடியும் ஊரடங்கு. ஒருநாள் பின்னேரம் காற்றுக்குப் படலை கிரீச்சிட்டது. திண்ணையில் இருந்த கூட்டின் மேலே இருந்து செல்வம் தெளிவாகச் சொன்னது, “வந்திட்டியோ?”

நாங்கள் யாரும் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. “செல்வம், சாப்பிட்டியோ?” என்பதைத்தான் பிள்ளை நாள்முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். படலைச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா அப்படிச் சொல்கிறார். வாய்க்குள் சொல்கிறார். பதினான்கு வருடங்களாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. கிளிக்குக் கேட்டிருக்கிறது.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு அழுதார். அழுதபடியே எங்கள் பூட்டியின் கதையைச் சொன்னார். வல்வெட்டித்துறை கப்பலோட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை 1938ஆம் ஆண்டு சென்றடைந்தது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். கப்பலில் போனவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கரையில் காத்திருந்த பெண்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பூட்டியும் அப்படிக் காத்திருந்தவர்தானாம். “ஆனால் அவவுக்கு எந்தத் துறைக்குப் போனவர் எண்டு தெரியும்” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா அதை வாய்க்குள் சொல்வதில்லை. படலை சத்தமிட்டால் செல்வம் கேட்கும், அம்மாவும் சத்தமாகவே கேட்பார், பிள்ளையும் சேர்ந்து கேட்பாள். வருபவர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். தனியே சுமந்த ஒரு சொல்லை இப்போது நான்கைந்து பேர் சேர்ந்து சுமக்கிறோம்.

மாலை விழவில்லை

2022 போய், 2023உம் போனது. செல்வத்தின் கழுத்தில் மாலை விழவில்லை. 2024ஆம் ஆண்டு தை மாதம், நல்ல சிவந்த மாலை போட்ட ஆண் ஒன்று எங்கள் முருங்கைக்கு வந்தது. கொப்பில் இருந்த செல்வத்துக்குப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து போய், தீனைக் கக்கி ஊட்டியது. செல்வம் வாங்கிக்கொண்டது. பெண் என்பதில் சந்தேகம் தீர்ந்தது.

“அட, பெட்டையெல்லோ!” என்றார் பக்கத்து வீட்டு மாமி.

“பெட்டையெண்டால் என்ன? செல்வம் செல்வந்தான்” என்றார் அம்மா. கதைக்காது என்று தீர்ப்புச் சொன்ன பெரியவரையே ஒரு நாள் படலையில் வைத்து “வந்திட்டியோ?” என்று கேட்டதும் அந்தப் பெட்டைதான்!

மாசியில் செல்வம் இரவுக்கு வருவதை நிறுத்தியது. பொலிகண்டிப் பனங்கூடலில் ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் இரண்டும் போய் வருவதை, அன்று குஞ்சைக் கொண்டுவந்து தந்தவரே கண்டு சொன்னார். பிள்ளை அழுதாள். அம்மா தேற்றுவார் என்று நினைத்தேன். அவர் தேற்றவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

“போனால் என்ன பிள்ளை? எங்கை இருக்கெண்டு தெரியுந்தானே.”

சமூகசேவையில் நான் கேட்ட எந்தச் சாட்சியத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. எங்கள் தாய்மார் கேட்பது அதைத்தான். எங்கே என்று தெரிய வேண்டும். 2017ஆம் ஆண்டு முதல் தெருவோரக் கொட்டகைகளில் இருந்து கேட்டவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

செல்வம் இப்போதும் சில காலைகளில் வந்து முருங்கையில் இருக்கும். அம்மா பழம் வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் போகும்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் உயிர் வரக்கூடும். ஆகவே சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பொந்தில் இருக்கும் குஞ்சை ஆசைக்காக எடுக்கவோ, எடுத்து விற்பவரிடம் வாங்கவோ வேண்டாம். தாய்க்கு அதன் பிள்ளை. எமது நாட்டில் வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் இருந்தே உண்டு. இந்தியாவில் பச்சைக்கிளியைக் கூட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். விழுந்த குஞ்சோ அடிபட்ட குஞ்சோ கிடைத்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். பாலும், உப்புச் சேர்ந்த உணவும், கோப்பியும், சொக்லேட்டும் கொடுக்காதீர்கள். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ கிளிக்கு நஞ்சு. கிளியில் இருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்றும் உண்டு. கூட்டைத் துப்புரவாக்கும்போது எச்சத்தை ஈரமாக்கி வழியுங்கள், மூக்கைத் துணியால் கட்டுங்கள், சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். சொண்டில் முத்தம் கொடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் பெயரைப் புது உயிருக்கு வைப்பதா இல்லையா என்பது அந்தத் தாயின் விருப்பம். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அது வெட்டு. அவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். கேட்பதற்குப் பயந்து அந்தப் பெயரை வீட்டில் சொல்லாமலும் விடாதீர்கள்.

குஞ்சு வந்தால் முதலில் சூடு, பிறகு தீன், பிறகு பெயர். ஆணா பெண்ணா என்பது அது வளர வளரத் தானே தெரியவரும். எதுவாக இருந்தாலும் ஊட்டும் கரண்டி ஒன்றுதான்.